ஒரு சாண் அம்மையார்

நாகூரைத் தாண்டி வடக்கே வந்ததும் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்குகிற இடம் கீழவாஞ்சூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனைச் சாவடியும், 2009இல் தொடங்கிய துறைமுகத்துக்குப் போய்வரும் நிலக்கரி லாரிகளும்தான் ஊரின் முகம். தெற்கே பார்த்தால் நாகூர் தர்காவின் மினாராக்கள். வடக்கே திருமலைராஜனாறும் தெற்கே வெட்டாறும் கடலில் சேர்கின்றன. காவிரித் தண்ணீர் வயல்களையெல்லாம் கடந்து கடைசியில் வந்து சேர்கிற கடைமடை இது. வெண்கலச் சிலை பற்றி எழுத வந்தவள் நிலக்கரியிலிருந்தும் ஆற்று முகத்திலிருந்தும் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரை வெண்கலத்தை நன்றாக அறியும்.

இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது நாகப்பட்டினம். அங்கே வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு போன்ற இடங்களில் 1856 தொடங்கிப் பல பத்தாண்டுகளாக மண்ணைத் தோண்டும்போதெல்லாம் புத்தர் படிமங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. மொத்தம் ஏறக்குறைய 350. பதினொன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரை வார்க்கப்பட்டவை. பெரும்பாலானவை கைக்கு அடக்கமானவை. ஸ்ரீவிஜய அரசர்கள் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியை லைடன் செப்பேடுகள் சொல்கின்றன. அந்த விகாரத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களும், கப்பலேறி வந்துபோனவர்களும் வேண்டுதலுக்காகச் செய்துவைத்த சிறு படிமங்கள் இவை. பலவற்றை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். டி.என். ராமச்சந்திரன் 1954இல் அவற்றைப் பற்றி எழுதிய ஆய்வுநூல்தான் இன்றைக்கும் முதலில் கையில் எடுக்க வேண்டியது.

கோயிலிலோ விகாரத்திலோ இருக்கும் பெரிய மேனியை ஒரு சாண் உயரத்தில் செய்து வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆசை எல்லா ஊரிலும் உண்டு. இத்தாலியில் பதினைந்தாம் நூற்றாண்டில் அது பெரிய கலையாகவே வளர்ந்தது. ரோமில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த பழைய பளிங்குச் சிலைகளைப் பார்த்து, அவற்றை முழங்கை அளவில் வெண்கலத்தில் வார்த்து, பிரபுக்கள் தங்கள் படிப்பறையில் வைத்துக்கொண்டார்கள். ஃபிலரேத்தே என்ற சிற்பி மார்க்கஸ் அவுரேலியஸின் குதிரைச் சிலையைச் சிறிதாக வார்த்து 1465இல் மெதிச்சி குடும்பத்துக்குக் கொடுத்தது இன்று டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. மாந்துவா நகரில் கொன்சாகா பிரபுக்களிடம் வேலை பார்த்த ஒருவர் இந்த வேலையில் எவ்வளவு தேர்ந்தவர் என்றால், பழமைக்காரர் என்று பொருள்படும் ‘அன்டிகோ’ என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து, அதே வேலை நம் பக்கத்தில் எப்படி நடக்கிறது என்பதை உலைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

அதற்கு வாய்ப்பும் வந்தது. பிரான்சில் குடியேறிய சொந்தக்காரர் இல்லாத தெரு காரைக்கால் பக்கம் குறைவு. எங்கள் உறவிலும் ஒரு குடும்பம் பாரீஸ் அருகே இருக்கிறது. பூஜை அறைக்குக் காரைக்கால் அம்மையார் திருமேனி ஒன்று வேண்டும், ஒரு சாண் இருந்தால் போதும், சுவாமிமலையில் செய்யச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆனிப் பௌர்ணமியில் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு வந்து, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேறு யாரைக் கேட்பார்கள்?

நாகூரிலிருந்து திருமருகல், நன்னிலம் வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் கிளம்பினேன். நாச்சியார்கோயிலில் கடைக்குக் கடை குத்துவிளக்குகள் வெயிலில் மின்னின. அங்கே நின்றால் அன்றைய பொழுது போய்விடும். நேராகச் சுவாமிமலை.

தாராசுரம் கோயில் கட்டவந்த சிற்பிகளின் வழிவந்தவர்கள் இங்கே தங்கிவிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. ஏன் இங்கே தங்கினார்கள் என்பதற்கான விடை பட்டறையின் பின்கட்டில் குவித்துவைத்திருந்தது: காவிரிப் படுகையின் வண்டல். கைவிரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி இருக்கிறது. மெழுகுப் பொம்மையின் மேல் முதலில் பூசுவது இதைத்தான். மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட இந்த மண்ணில் பதிந்துவிடும். அது அப்படியே செம்பிலும் வரும்.

ஸ்தபதி வயதானவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “உட்காருங்கம்மா, இதை முடிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு ஒரு தென்னை ஓலையை நறுக்கிக்கொண்டிருந்தார். விரல் அகலத்துக்கும் குறைவான நீண்ட கீற்று. செய்யப்போகும் மேனி எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு அதை வெட்டினார். பிறகு மடித்தார், மறுபடி மடித்தார், நகத்தால் கீறிக் குறி வைத்தார். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பிலிருந்து உந்தி வரை இவ்வளவு என்று அந்தக் கீற்றிலேயே உடம்பு முழுவதும் அடங்கிவிட்டது. பட்டறையில் அடிக்கோல் இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளருக்கு உயரம் சொல்ல மட்டும்தான்.

இந்த ஓலை நுட்பத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். சிற்ப சாத்திரத்தில் அங்குலம் என்பது நம் கடைக்கோலில் இருக்கும் அங்குலம் அல்ல. உத்தம தச தாளத்தில் செய்யும் மேனியின் உயரத்தை 124 பங்காக்கினால் ஒரு பங்கு அந்த மேனிக்கு அங்குலம். தேவியருக்கு மத்திம தச தாளம், அதில் 120 பங்கு. அதாவது ஒவ்வொரு மேனியும் தன் அளவுகோலைத் தானே கொண்டு பிறக்கிறது. 2023இல் டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் நிறுத்திய நடராஜர் இதே சுவாமிமலையில் ராதாகிருஷ்ண ஸ்தபதி குழுவினர் செய்தது. 27 அடி உயரம், 18 டன் எடை. அதற்கும் இந்த முறைதான், உள்ளங்கைப் பிள்ளையாருக்கும் இந்த முறைதான். பெரியதைச் சுருக்கிச் சிறியது செய்வதில்லை. சிறியதும் முதலிலிருந்து, தன் உயரத்திலிருந்து எழுகிறது.

அம்மையாருக்கு மெழுகு ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. தலை தனி, உடம்பு தனி, கைகள் தனி. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இளக்கி ஒட்டுவார்கள். நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் அம்மையார். மாங்கனி கொண்டு வந்த புனிதவதி தன் அழகெல்லாம் உதிர்த்துப் பேயுரு வேண்டிப் பெற்ற பின்னான கோலம். எலும்பு துருத்திய தோள், வற்றிய மார்பு, குழி விழுந்த வயிறு, கையில் தாளம். அழகான உடம்பை அளவு வைத்துச் செய்துவிடலாம். வற்றிய உடம்பைச் செய்வது எப்படி?

ஸ்தபதி பலகையில் மெழுகை உருட்டி நூல் மாதிரித் திரித்தார். ஒவ்வொரு நூலாக எடுத்து மார்பில் விலா எலும்பு போகும் வளைவில் வைத்தார். சூடு காட்டிய மெல்லிய கத்தியால் நூலின் இரு ஓரத்தையும் தடவித் தடவி உடம்போடு கரைத்தார். நடுவில் மட்டும் மேடு நின்றது. பக்கத்துக்கு நாலு எலும்பு போட்டார். ஐந்தாவதைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். ஏன் என்றேன். “அஞ்சு போட்டா எலும்புக்கூடு ஆயிடும்மா. அம்மா உயிரோட பாடிக்கிட்டு இருக்காங்கல்ல” என்றார். பிறகு முகத்துக்கு வந்தார். கடைக்கோலில் ஓர் அங்குல முகம். உதட்டோரத்தில் கத்தி முனையை ஒருமுறை அழுத்தியதும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு தொடுதலுக்கு முன்னால் அது ஒரு பசித்த கிழவியின் முகமாக இருந்தது, பிறகு சிவனின் ஆடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம். பெரிய மேனியில் தவறு வந்தால் அரத்தால் சரி செய்ய இடமிருக்கிறது, இதில் ஒரு மயிரிழை அதிகம் தேய்த்தால் முகமே வேறாகிவிடும் என்றார்.

அமெரிக்காவில் இரண்டு பழைய அம்மையார் திருமேனிகள் புகழ்பெற்றவை. கான்சஸ் நகர நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது சோழர் காலத்தது, 41 செண்டிமீட்டர். நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இருப்பது பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி, 23 செண்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண்தான். இரண்டின் படங்களையும் கைப்பேசியில் காட்டினேன். அவர் இரண்டையும் முன்பே பார்த்திருந்தார். ஆனால் படத்தைப் பார்த்து அப்படியே செய்வதில்லை என்றார். தோளின் இறக்கம், தாளத்தைப் பிடித்த விதம் ஆகியவற்றை மனதில் வாங்கிக்கொள்வார். கை வேலையில் இறங்கும்போது ஓலைதான் வழிகாட்டும். அந்தப் பழைய இரண்டும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை, மூன்றாவது மட்டும் ஏன் இருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

அன்டிகோவின் அப்பல்லோவையும் காட்டினேன். வாடிகனில் இருக்கும் பளிங்கு அப்பல்லோ ஆளுயரத்தையும் தாண்டியது. இவருடையது 40 செண்டிமீட்டர் அளவு. கருமை ஏற்றிய உடம்பு, பொன் பூசிய முடி, வெள்ளி பதித்த கண். ஸ்தபதி விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தார். “கண்ணுக்கு வெள்ளி வெச்சிருக்காரு. நல்ல வேலைக்காரர்” என்றார். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரை ஐந்நூறு ஆண்டு தாண்டி மதிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பளிங்கில் உடைந்துபோயிருந்த கையை அன்டிகோ தன் வெண்கலத்தில் முழுமையாக்கியிருந்தார். அதைச் சொன்னதும் ஸ்தபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னப்பட்ட மேனியை வழிபாட்டில் வைப்பதில்லை, புதிதாக வார்த்து வைக்க வேண்டும் என்பது நம் ஆகம வழக்கம். அதனால்தான் இந்தத் தொழில் அறுபடாமல் வந்தது என்று நான் நினைக்கிறேன். உடைந்ததைப் போற்றிக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் வார்க்கும் கைக்கு வேலை இருந்திருக்காது. இத்தாலியில் பழைய சிலைகளை வார்த்த கைகள் ரோமப் பேரரசோடு போய்விட்டன, ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு அன்டிகோ போன்றவர்கள் அந்த உருவங்களைத் தேடிப் பிடித்து மீட்க வேண்டியிருந்தது. இங்கே மீட்க வேண்டிய தேவை வரவில்லை.

இன்னொரு வேறுபாடு வார்ப்பில். அன்டிகோ மெழுகு மாதிரியிலிருந்து துண்டுத் துண்டாக அச்சு எடுத்து வைத்துக்கொண்டார். அச்சு இருந்தால் மறுபடி மெழுகு ஊற்றி மறுபடி வார்க்கலாம். பிஷப் லுடோவிகோ கொன்சாகாவுக்குச் செய்தவற்றை மறுபடி வார்த்துத் தருவதாக 1519இல் கொன்சாகா குடும்பத்துச் சீமாட்டி இசபெல்லா தெஸ்தேவுக்கு எழுதியிருக்கிறார். அதனால்தான் அவருடைய சில சிலைகளுக்கு இன்று ஒன்றுக்கு மேற்பட்ட வார்ப்புகள் உண்டு. சுவாமிமலை முறையில் மெழுகு உருகிப் போய்விடும், மண் கூடும் உடைந்துவிடும். மிஞ்சுவது மேனி மட்டும். சில பட்டறைகளில் சிறு உருப்படிகளுக்கு அச்சில் மெழுகு எடுக்கிறார்கள். இவரும் பரிசுப் பொருளாகப் போகும் பிள்ளையார்களுக்கு அப்படிச் செய்வதை மறைக்கவில்லை. பூஜைக்குப் போவது ஓலையில்தான் தொடங்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் கோடு. அந்தக் கோடு சரியான இடத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பின்கட்டில் அன்று வேறொரு மேனிக்கு வார்ப்பு இருந்தது. ஒன்றரை அடி சோமாஸ்கந்தர். வண்டலோடு உமிக்கரி அரைத்துப் பூசிய முதல் பூச்சு, அதன் மேல் வயல் களிமண், அதற்கும் மேல் மணல் கலந்த முரட்டு மண், இடையில் இறுக்கிக் கட்டிய கம்பி என்று அது ஏற்கெனவே ஒரு பெரிய மண்கட்டியாக நிழலில் காய்ந்து கிடந்தது. வறட்டித் தீயில் அதைச் சூடாக்கினார்கள். கீழே திருப்பிய வாயிலிருந்து மெழுகு சொட்டி, பிறகு ஒழுகி, கடைசியில் புகையாக மட்டும் வந்தது. உடனே குழியில் இறக்கி, வாய் மேலே இருக்கும்படி சுற்றிலும் மண் போட்டு இறுக்கினார்கள்.

மூசையில் செம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடக் கொஞ்சம் பித்தளை, கொஞ்சம் ஈயம். மேனி செய்யச் சொன்னவர்கள் கொடுத்த வெள்ளித் துண்டும் குண்டுமணிப் பொன்னும் கடைசியில் போட்டார்கள். வெப்பமானி எதுவும் கிடையாது. நெருப்பின் நுனியில் பச்சை ஓடுவதையும் உலோகத்தின் மேல்பரப்பு நடுங்குவதையும் பார்த்துக்கொண்டே நின்ற மூத்தவர் ஒருவர் “தூக்கு” என்றார். ரெண்டு பேர் குறட்டால் மூசையைத் தூக்கி ஊற்றினார்கள். நூல் பிடித்தது மாதிரி ஒரே ஒழுக்கு. நடுவில் அறுந்தால் அந்த இடத்தில் மேனியில் கோடு விழும், வேலை வீண். யாரும் பேசவில்லை. காற்றுப் போக வைத்த இன்னொரு துளையில் சிவப்பாக உலோகம் எட்டிப் பார்த்ததும் எல்லாரும் மூச்சு விட்டார்கள். உள்ளே இடம் முழுவதும் நிரம்பியதற்கு அதுதான் அடையாளம். மெழுகு எவ்வளவு எடையோ அதைப் போல எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். கனமான, உள்ளே பொள்ளலில்லாத வார்ப்பு என்பதால் ஒரு சாண் அம்மையாரே கையில் எடுத்தால் கனப்பார். பிரான்சுக்கு எடுத்துப்போகிறவர்கள் பெட்டியில் அதற்கு இடம் விட வேண்டும்.

உலை அடங்கியதும் டீ வந்தது. அப்போதுதான் சிவபுரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது புதிதாக வார்த்த ஒன்று. பழையது கைமாறிக் கைமாறி வெளிநாடு போனது. கோயிலில் இருப்பது பழையது அல்ல என்பதை 1965இல் எழுதி வெளிப்படுத்தியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்டன் சைமன் வாங்கிய அந்த நடராஜர் வழக்குகளுக்கும் உடன்படிக்கைக்கும் பிறகு 1986இல்தான் நாடு திரும்பினார். இவ்வளவு காலமும் கோயிலில் பூஜை ஏற்றுக்கொண்டிருந்தது புதிய மேனி.

இந்த ஊரில் இதைப் பேசுவது எளிதல்ல. திறமையான கை திருட்டுக்குத் துணைபோன கதை அது. ஸ்தபதி குரலைத் தாழ்த்தாமல் பேசினார். “செஞ்சது தப்பில்லம்மா. புதுசுன்னு சொல்லாம குடுத்தது தப்பு” என்றார். அச்சு வைக்காமல், ஓலை வைத்துச் செய்கிற கைக்குச் சோழன் காலத்து மேனிக்கு நிகராக ஒன்றைச் செய்ய முடியும் என்பதற்குச் சிவபுரமே சாட்சி. அது இந்தத் தொழிலின் பெருமை. அந்தப் பெருமையைப் பெயரில்லாமல், பழையது என்று கோயிலுக்குக் கொடுத்ததுதான் குற்றம். திருட்டுப்போனவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவுவது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்துச் சேர்த்த புகைப்படங்கள். எங்கள் புதுச்சேரிக்குப் பெருமை தரும் வேலைகளில் அதை முதலில் வைப்பேன்.

அதனால் ஒரு வேண்டுகோள் வைத்தேன். பீடத்தின் அடியில் செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் உளியால் வெட்டித் தர வேண்டும். அவர் தயங்கினார். சாமியில் பெயர் போடுவது வழக்கமில்லை, அப்பாவும் தாத்தாவும் போட்டதில்லை என்றார். அன்டிகோவின் பெயர் ஐந்நூறு ஆண்டாக நிற்கிறது, அவர் எழுதிய கடிதம்கூட இருக்கிறது. எழும்பூரில் நிற்கும் திருவாலங்காட்டு நடராஜரைச் செய்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் 1913இல் அதன் புகைப்படங்களை மட்டும் பார்த்து நெகிழ்ந்து எழுதினார். அவராலும் செய்தவர் பெயரைச் சொல்ல முடியவில்லை. அம்மையார் முக்தி பெற்ற தலமாகச் சொல்லப்படும் ஊரின் நடராஜர் அது. இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஓலைக்கீற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“பீடத்துக்கு அடியில, வெளியில தெரியாம, அவ்வளவுதான்” என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். எப்படியும் வெளிநாடு அனுப்ப, இது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய சிலையை வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது, அதனால் புதிது என்பதைக் காட்டப் படத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அடியில் ஆண்டு இருந்தால் அங்கேயும் பேச்சு குறையும் என்று அவரே ஒரு நியாயம் சேர்த்துக்கொண்டார்.

முன்பணம் கொடுத்தேன். வார்ப்புக்கு நாள் பார்த்துச் சொல்வார்கள். கூட்டை உடைத்த பிறகு அரம், உளி வேலைக்குச் சில வாரங்கள், பிறகு புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்ப்பு, கடைசியாகக் கண் திறப்பு. ஆனிப் பௌர்ணமிக்கு முன்னால் முடிந்துவிட்டால் பிரான்சிலிருந்து வருகிறவர்கள் காரைக்கால் கோயிலில் ஒருநாள் அம்மையார் சந்நிதியில் வைத்து எடுத்துப் போகலாம் என்று சொன்னேன். அவர் நாட்காட்டியை எடுத்துப் பக்கம் புரட்டினார். வெளிப்பூச்சு காய மழை விட வேண்டும், தை பிறந்ததும் வார்த்துவிடலாம் என்று ஒரு தேதியில் பென்சிலால் வட்டம் போட்டார்.